சொறிகிற சுகம் சுகமா?

பூண்டு உரிக்கும்போது வலது கையில் கத்தி இருக்கும். பல்லைப் பிடித்திருப்பவை இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். இந்த மூன்றின் நுனி மட்டும் வறண்டு தடித்து, செதில் உதிர்ந்து, கோடு கோடாக வெடித்திருந்தால் தோல் மருத்துவர் முதலில் சமையலறையைப் பற்றித்தான் விசாரிப்பார். பூண்டிலுள்ள டையல்லைல் டைசல்பைடு ஒத்துக்கொள்ளாமல் வரும் எக்ஸிமா அது, ஊர்ப்பேச்சில் கரப்பான். படை என்று நினைத்து மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவி ஏமாறுகிறவர்கள் உண்டு.

புளி கரைத்தால், எலுமிச்சை பிழிந்தால் வெடிப்பில் உயிர் போகும். ஆனால் ஆளைப் படுத்தி எடுப்பது அரிப்புதான். விரல் நுனியைச் சொறிவதும் எளிதல்ல. கட்டைவிரல் நகத்தால் நெருடுவார்கள், சேலைக் கரையில் தேய்ப்பார்கள், கடைசியில் நல்ல சூடான வெந்நீரில் விரலைக் காட்டுவார்கள். அந்தச் சில நொடிச் சுகம் அலாதியானது. பிறகு தோலில் மிச்சமிருந்த எண்ணெய்ப்பசையும் போய், அரிப்பு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும்.

இந்தச் சில நொடிகள் இன்பக் கணக்கில் சேருமா?

தத்துவம் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆசைகளைப் பெருக்கி நிறைவேற்றிக்கொண்டே இருப்பதுதான் நல்வாழ்வு என்று பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் வாதிடுகிறான் காலிக்ளீஸ். அப்படியானால் வாழ்நாள் முழுக்க அரிப்பெடுத்து ஆசைதீரச் சொறிகிறவனும் இன்பமாக வாழ்கிறவன்தானா என்று மடக்குகிறார் சாக்ரடீஸ். ஆம் என்கிறான், அசராமல். தலையைச் சொறிவதோடு நிறுத்தாமல் மற்ற இடங்களுக்கும் அவர் கேள்வியை இறக்கவே நெளிகிறான். சாமர்த்தியமான வாதம்தான், ஆனால் வெட்கத்தைக் கிளப்பி வெல்லப் பார்க்கிறது. நள்ளிரவில் விரலைத் தேய்த்துக்கொண்டிருப்பவரிடம் அது எடுபடாது. அவர் ஏற்கெனவே வெட்கப்பட்டுச் சலித்தவர்.

பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 75-ஆவது சூத்திரத்தில், மாகந்தியன் என்ற நாடோடித் துறவிக்குப் புத்தர் சொல்லும் உதாரணம் நோய்க்கு இன்னும் நெருக்கமானது. தொழுநோயாளி ஒருவன் புண்ணைச் சொறிந்து தணல் குழியில் காய்ச்சிக்கொள்கிறான். காய்ச்சக் காய்ச்சப் புண் மோசமாகிறது. கொஞ்சம் சுகமும் தெரிகிறது. வைத்தியத்தில் குணமான பிறகு இரண்டு பலசாலிகள் அவனை அதே குழிக்கு இழுத்தால் திமிறுவான். நெருப்பு அன்றும் சுட்டதுதான். புலன் கெட்டிருந்ததால் சுகமாகத் தெரிந்தது. வெந்நீரில் விரல் காட்டுகிறவரைப் பார்த்தே சொன்னது போலிருக்கிறது.

2014-இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளிடம் ஒன்று கண்டார்கள். சொறிவதால் வரும் வலி அரிப்பை அமுக்குகிறது. அந்த வலியைத் தணிக்க மூளை விடும் செரட்டோனினோ தண்டுவடத்தில் அரிப்புக்கான நரம்பணுக்களையும் உசுப்பிவிடுகிறது. ‘அன்றே சொன்னார் புத்தர்’ என்று வாட்ஸ்அப்பில் கிளம்ப வேண்டாம். ‘சொறியாதே’ என்ற கட்டளை ஏன் செல்லுபடியாவதில்லை என்பது மட்டும் விளங்குகிறது.

ஆசையை வைராக்கியத்தால் அடக்குவதா, அதன் காரணத்தைக் களைவதா என்ற பழைய வழக்கில் தோல் மருத்துவம் இரண்டாவது கட்சி. சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் காரணம் பிடிபடலாம். வெந்நீருக்குப் பதில் வெதுவெதுப்பான நீர், பாத்திர சோப்பு படாமல் பருத்தி உள்ளுறையோடு ரப்பர் கையுறை, கை கழுவிய ஒவ்வொரு முறையும் வாசலின். சிவந்து வீங்கும் நாள்களில் மருத்துவர் சொல்லும் அளவில் ஸ்டீராய்டு களிம்பு. பூண்டின் அந்த ரசாயனம் பெரும்பாலான கையுறைகளையும் ஊடுருவிவிடும். உரிக்கிற வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்வதே வழி.

புத்தரின் உவமை இங்கேதான் முழுசாகப் பொருந்தாமல் நிற்கிறது. அவருடைய நோயாளி பூரணமாகக் குணமானவன். பூண்டு ஒவ்வாமையோ ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். தோல் ஆறிய பிறகும் ஒரு பிடி பூண்டை உரித்தால் போதும், மூன்று விரலும் மறுபடி வெடிக்க. இப்படிப்பட்டவரைக் குணமானவன் கணக்கில் சேர்ப்பதா, தணலருகே இருப்பவன் கணக்கிலா? மாகந்தியன் அதைக் கேட்கவில்லை.