மூன்றாவது படுக்கை

புதிதாகக் கட்டப்படும் நம்மவர் வீடுகள் சிலவற்றில் வெறுமை ஓர் அழகாக வந்து அமர்ந்துவிட்டது. வெள்ளைச் சுவர், சாம்பல் நிறத் தரை, தாழ்ந்த ஒரு சோபா. மற்றவையெல்லாம் சுவரோடு சுவராக மறைந்த அலுமாரிகளுக்குள். கண்ணாடி ஷோகேஸும், மத்திய கிழக்கிலிருந்து வந்து ஒருநாளும் தேநீர் காணாத அதன் கோப்பைகளும் போய்விட்டன. போனது நல்லதே. அவற்றைத் தூசு தட்டியே எத்தனை பெண்களின் பொழுது கழிந்தது!

ஆயினும் இதனை எளிமை என்று அழைக்கலாமா? மார்க்கம் சொல்லும் எளிமையோடு இதனை ஒப்பிட்டுப் பேசுவோரும் உளர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லூஸ் அலங்காரத்தை எதிர்த்தபோது, அது உழைப்பையும் பொருளையும் விரயமாக்குகிறது என்ற நியாயத்தையும் முன்வைத்தார். இன்றோ அலங்காரமின்மைக்கே செலவு அதிகம். தரையும் சுவரும் சந்திக்குமிடத்தில் பிழையை மறைக்க ஒரு விளிம்புப் பலகைகூட இல்லையென்றால், மேசன் மயிரிழை பிசகாமல் வேலை செய்ய வேண்டும். பின்னர் அந்த வெண்மையைக் காப்பது வீட்டுப் பெண்ணின், அல்லது அவருக்கு உதவ வரும் பெண்ணின் பாடு. பொருட்களைக் குறைக்க உலகுக்கே கற்றுக்கொடுத்த ஜப்பானின் மரீ கொண்டோ, மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பின் ஒழுங்குபடுத்துவதை ஏறத்தாழக் கைவிட்டதாக 2023இல் சொன்னார். அவர் மீது எனக்கு மதிப்புக் கூடியது அன்றுதான்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு வீட்டின் படுக்கைகளை எண்ணிக் காட்டிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மூன்றாவது விருந்தாளிக்கு, நான்காவது ஷைத்தானுக்கு என்பது அதன் கருத்து. வீண்விரயம் பற்றிப் பேச நாம் பெரும்பாலும் நான்காவதையே எடுத்துக்கொள்கிறோம். எனக்கு மூன்றாவதுதான் பெரிதாகப் படுகிறது. மிஞ்சியதையெல்லாம் கழிக்கும்போதும் பிறருக்கான ஒன்றைக் கழிக்காமல் விடுகிற கணக்கு அது. பள்ளிவாசலுக்குள்ளும் தளபாடமில்லை, உருவமில்லை. மனிதர் வந்து ஸஃப்பாக நிற்பதற்கென்றே அந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. நம் புதிய ஹோல்களோ யாரும் வராதிருக்கும்போதே அழகாயிருக்கின்றன.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வெறுங்கையோடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 2004 டிசம்பரில் கிழக்குக் கரை ஒரே காலையில் வீடிழந்தது. அத்தகைய இரவொன்றில் ஒரு வீட்டுக்குத் தேவைப்படுபவை பரணில் கிடக்கும் பாய்களும், பெருநாளுக்கு மட்டும் கீழே இறங்கும் சஹன்களும், பெரிய சட்டிகளுமே. சாதாரண நாளில் அவை அடைசல். இப்போதுதான் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கிறதே என்பார்கள். மௌத்து வீட்டுக்குக் கதிரை வரும், உண்மைதான். இரவு பதினொரு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் சாச்சிக்கு வாடகைப் பாய் எங்கிருந்து வரும்?

வெண்சுவர் இருக்கட்டும். வீட்டுப் பிளான் கீறுபவர் சப்பாத்துக்கும் தொலைக்காட்சி வயருக்கும் மறைவிடம் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். சுருட்டிய பாய்கள் நாலைந்து நிற்க, ஓரடி ஆழத்தில் ஆளுயர மூலையொன்று போதும். அதை அவரிடம் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.