பூஜ்யம் சொன்ன சாட்சி

2017ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துத் தேவாலயம் ஒன்றின் சாதாரணக் கம்ப்யூட்டர், ஆறு நாள் இடைவிடாது கணக்கிட்டு, 23,249,425 இலக்கங்கள் கொண்ட பகா எண் ஒன்றைக் கண்டு சொல்லிற்று. 77,232,917 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது அது. நான்கில் தொடங்கி, வர்க்கித்து, இரண்டைக் கழித்து, அவ்வெண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி வர்க்கித்து, இவ்வாறு 7.7 கோடி தடவைக்கு மேல் சென்றபின், இறுதியில் மீதி பூஜ்யமாக நின்றது; அவ்வெண் பகா எண் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் பூஜ்யத்தை நினைக்குந்தோறும் எனக்கு ஒரு பழைய கேள்வி எழுகிறது: அவ்வெண்ணின் பகாத் தன்மையை ஈசுவரன் சிருஷ்டித்தானா, அல்லது அது அவனோடு கூடவே அநாதியா?

இத்தகைய எண்கள் யார் பெயரால் வழங்குகின்றனவோ, அந்த மெர்சென் பிரான்ஸ் தேசத்துக் கிறிஸ்தவத் துறவி. அரசன் தன் ராஜ்யத்தில் சட்டம் வகுப்பதுபோலக் கணித சத்தியங்களையும் கடவுளே ஸ்தாபித்தார் என்று தத்துவஞானி டேக்கார்ட் 1630இல் கடிதம் எழுதியது இவருக்குத்தான். பக்தி நிறைந்த கருத்து. ஆயினும் என் மனம் அதில் அமைதி கொள்ளவில்லை. சட்டமென்றால் மாற்றவும் கூடுமல்லவா? எத்தனை இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்று மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில் 67ஐத் தவறாகச் சேர்த்தார், 61ஐ விட்டுவிட்டார். அவருடைய தவமோ பாண்டித்தியமோ அவ்விரண்டையும் இம்மியும் அசைக்கவில்லை. இவ்வளவு உறுதியானது ஆணையால் பிறந்ததாக இராது, ஆணையிடுவோனின் சுபாவமாகவே இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1996 முதல் உலகெங்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களை இத்தகைய பகா எண்களைத் தேடும் பணியில் இணைத்துவரும் கிம்ப்ஸ் முயற்சியில், அத்தேவாலயக் கம்ப்யூட்டரை ஈடுபடுத்திய தொண்டர் பதினான்கு ஆண்டுகள் பங்குகொண்டிருந்தார். பெரும்பாலோருக்கு அந்தப் பூஜ்யம் வாய்ப்பதேயில்லை. ஆயினும், உடையவர் உறங்கும் வேளையிலும், மேசையோரத்தில் சிறு விசிறி மெல்லச் சுழல, அக்கம்ப்யூட்டர்கள் வர்க்கித்துக்கொண்டே இருக்கின்றன.