சுற்றிய நாளும் அறுந்த நொடியும்

எதிர்பாராத நொடியில் செய்துவிட்ட தவற்றுக்கு மனிதன் எவ்வளவு பொறுப்பாளி? "அந்தக் கணத்தில் என்னை அடக்க இயலவில்லை" என்பவரின் சொல் பொய்யா? இக்கேள்வியை எண்ணும்போதெல்லாம் இங்கிலாந்தின் தூண்டிற்காரர்கள் கையாளும் பழைய கருவியொன்று என் நினைவுக்கு வருகிறது.

சென்டர்பின் ரீல் என்பது அதன் பெயர். நாட்டிங்காம் நகரை ஒட்டி ஓடும் டிரென்ட் ஆற்றில் மீன்பிடிப்போர் 19ஆம் நூற்றாண்டில் இதனை மரத்தால் செய்து பயன்படுத்தினர். நடுவில் ஓர் அச்சு. அதன்மேல் தடையின்றிச் சுழலும் உருளை. உருளையில் சுற்றிய தூண்டில் நரம்பு. அவ்வளவுதான். ஆற்றின் ஓட்டம் தக்கையை இழுத்துச் செல்ல, உருளை சுழன்று நரம்பை விட்டுக்கொடுக்கும். பிற்கால ரீல்கள் பலவற்றில் மீனின் இழுப்பு மிகும்போது நரம்பைத் தானாக நெகிழவிடும் அமைப்பு உண்டு. இதில் அது இல்லை. உருளையின் விளிம்பில் வைத்த விரலே தடை. மீன் பாயும்போது விரலை மிக அழுத்தினால் நரம்பு அறும். முற்றிலும் எடுத்துவிட்டால் உருளை கட்டுக்கடங்காமல் சுழன்று நரம்பு சிக்கலாகும்.

ஆகவே, எல்லாம் விரலின் திறமையே என்று தோன்றும். ஆனால் தேர்ந்தவர்கள், ஆற்றங்கரைக்கு வருமுன் நரம்பைச் சுற்றும் விதத்திலேயே கருத்தாயிருப்பர். கடையில் வாங்கிய நரம்புச் சுருளின் நடுவே ஒரு பென்சிலைச் செருகி, சுருள் உருண்டு நரம்பை விடும்படி பிடிப்பர். இல்லையேல் நரம்பில் முறுக்கு ஏறும். ஈரத் துணிக்கிடையே அதைச் செலுத்தி, மென்மையான ஒரே இறுக்கத்தோடு சீராகச் சுற்றுவர். விளிம்புவரை நிரப்பமாட்டார்கள். தளர்வாகச் சுற்றிய நரம்பில், மீன் இழுக்கும்போது மேற்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கிடையே புதைந்து சிக்கிக்கொள்ளும். அப்போது விரல் எவ்வளவு தேர்ந்ததாயினும் பயனில்லை. நரம்பு அறுந்தால் முள் மீனின் வாயிலேயே தங்கிவிடும். பிழை சுற்றியவருடையது, துன்பம் மீனுடையது.

அறநெறி இறையியலில் 'காரணத்தில் விரும்பியது' என்றொரு கருத்து உண்டு. செயல் நிகழும் வேளையில் ஒருவர் தன்வசம் இல்லாதிருக்கலாம். ஆயினும், தம்மை அந்நிலைக்குக் கொண்டுவந்த காரணத்தை அவர் அறிந்தே தேர்ந்திருந்தால், பொறுப்பு அங்கேயே தொடங்குகிறது. குடித்து அறிவிழந்து தீங்கு செய்தவரை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர். மகன்மீது கை ஓங்கிவிட்டு, "கோபத்தில் வந்துவிட்டது" என்கிறார் ஒரு தந்தை. அவர் பொய் சொல்லவில்லை. அந்த நொடியில் விரல் உண்மையாகவே தோற்றது. ஆனால் பல ஆண்டுகளாக ஒவ்வொரு சிறு எரிச்சலையும் அடக்காமல், தளரத் தளரச் சுற்றிவைத்தவர் யார்? புண்பட்டதோ மகனின் உள்ளம்.

இந்த அளவுகோலைப் பிறர்மேல் வைக்குமுன் சற்றே தயங்குவோம். நம் வாழ்வின் நரம்பு முழுவதையும் நாமே சுற்றவில்லை. அடிச்சுற்றுகளைக் குழந்தைப் பருவத்தில் பிறர் சுற்றினர். எவருடையது எவ்வளவு என்பதை வெளியிலிருந்து அளக்க நம்மால் இயலாது.

ஆனால் நமக்கு நாமே சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு. தளர்ந்த நரம்பை முழுவதும் அவிழ்த்து மீண்டும் சுற்றலாம். பிறர் சுற்றியதையும் அவ்வாறே திருத்தலாம். அதற்குப் பொறுமையும், சினமூட்ட எவருமில்லாத அமைதியான நாளும் வேண்டும். மீன் பாயும் நேரத்தில் அதைச் செய்ய இயலாது.