‘சேவல்னா அப்படித்தான்’

வீட்டில் கோழி வளர்க்கிற யாரிடமாவது, முதுகு இறகு உதிர்ந்து தோல் சிவந்த ஒரு பெட்டையைக் காட்டிப் பாருங்கள். சிரித்துக்கொண்டே ஒரு பதில் வரும்: “சேவல்னா அப்படித்தான்.” பதில் பொய் இல்லை. ஆனால் சேவலைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டு, நாம் என்ன செய்யலாம் என்ற கேள்வியை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

முதலில் அந்த உண்மையைப் பார்த்துவிடுவோம். சேவல் மிதிக்கும்போது பெட்டையின் பின்னந்தலை இறகை அலகால் கவ்விக்கொள்ளும். இரண்டு கால்களையும் அதன் முதுகில் ஊன்றிக்கொள்ளும். சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் ஒரே பெட்டை ஒரு நாளில் பலமுறை மிதிபட்டால் முதலில் இறகு ஒடியும், பிறகு தோல் தெரியும். முள் நீண்ட வயதுச் சேவலாக இருந்தால் விலா கிழியும். இறக்கைக்குள் மறைந்த அந்தக் காயம் கண்ணில் படவே நாளாகும். சில பெட்டைகள்மேல்தான் சேவலுக்கு நாட்டம் அதிகம் என்பதால், காயமும் எல்லாவற்றுக்கும் சமமாக விழுவதில்லை.

அதே சேவல் இரை கிடைத்தால் கொத்திக் கொத்திப் போட்டு, குரல் கொடுத்துப் பெட்டையைக் கூப்பிடும். ஒரு இறக்கையைத் தாழ்த்தி வட்டமடித்து ஆடும். பருந்து தெரிந்தால் எச்சரிக்கும். பெட்டையும் சும்மா கிடக்கிற உயிர் இல்லை. சில சமயம் குந்தி இடம் கொடுக்கும், சில சமயம் கத்திக்கொண்டு ஓடும். கூட்டத்தில் தாழ்ந்த நிலையில் இருக்கும் சேவல் மிதித்துவிட்டால் அதன் விந்தைப் பெட்டை வெளியே தள்ளிவிடுவதை, பிஸ்ஸாரியும் பிர்க்ஹெட்டும் 2000இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு மில்மன், டங்கன் குழுவினர், கறிக்கோழி இனச் சேவல்கள் பெட்டைகளிடம் காட்டும் ஆக்ரோஷம் முட்டைக்கோழி இனச் சேவல்களைவிட அதிகம் என்று பதிவு செய்தார்கள். ஆக எல்லாச் சேவலும் ஒரே மாதிரி ‘அப்படி’ இல்லை. மனிதன் எதற்காக எந்த இனத்தைப் பெருக்கினான் என்பதும் இதில் சேர்ந்திருக்கலாம்.

இன்னொன்று, இடம். நான் இருப்பது ஒரகடம் பக்கம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸ்ஸான் ஆலை திறந்தது. ஆட்கள் வந்தார்கள், வீட்டுப் புழக்கடையெல்லாம் லைன் வீடு ஆனது. எங்க ஆயா காலையில் கூடையைத் தூக்கிவிட்டால் கோழிகள் வேலிகாத்தான் புதர் வரைக்கும் மேய்ந்துவிட்டு வரும். சேவல் துரத்தினால் பெட்டை முள்ளுக்குள் நுழைந்துவிடும், இல்லையென்றால் அடுத்த வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு ஓடிவிடும். இப்போது வாடகை அறைச் சுவருக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே கம்பிவலை அடித்த துண்டு இடம். உள்ளே 5 பெட்டை, 1 சேவல். ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை வரை இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. சுபாவம் பழைய சுபாவம்தான். ஓட இடம் இல்லை. அந்த வலையைச் சேவல் கட்டவில்லை, நான் கட்டினேன்.

‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘இருக்கட்டும்’ என்பதற்குச் சத்தமில்லாமல் தாவ முடியாது என்று 18ஆம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் எச்சரித்தார். சேவலைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். இப்படி நடக்கலாமா கூடாதா என்று யோசிக்க முடிகிற உயிரிடம்தான் குற்றம் ஒட்டும். ஆனால் குற்றவாளி இல்லை என்பதால் காயம் ஆறிவிடாது. ஏற்பாட்டை மாற்ற முடிகிறவரிடம் பொறுப்பு வந்து நிற்கும்.

பெட்டையின் முதுகில் துணி மாட்டிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. புண் ஆறும்வரை நானும் பழைய ஜீன்ஸில் ஒன்று தைத்து மாட்டினேன். நன்றாகவே பயன்பட்டது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, ஆடுறது அது, சட்டை போட்டுக்கிறது இதுவா?” என்று கேட்டார். அவர் பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறவர். அங்கே ராத்திரி ஆனால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ரோட்டில் தொந்தரவு கொடுக்கிறவனுக்குப் பூட்டு கிடையாது.

பெண்களைக் கோழிகளோடு ஒப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மனிதனுக்கு யோசிக்கத் தெரியும். ‘அப்படித்தான்’ என்ற சாக்கு அவனிடம் செல்லவே செல்லாது. எனக்கு உறுத்துவது நம் கைப்பழக்கம். ஆபத்து ஒரு பக்கம் இருக்கும், கட்டுப்பாட்டை எதிர்ப்பக்கம் மாட்டிவிடுவோம். மாட்டிவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் வைப்போம்.

அதனால் எனக்கு நானே ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். செலவு முதலில் வளர்க்கிறவனுக்கு, அடுத்து சேவலுக்கு, கடைசியில்தான் பெட்டைக்கு. வலையை இன்னும் தள்ளிக் கட்டினேன். ஓடி ஒளிய உள்ளே பழைய கூடைகளையும் தட்டியையும் சாய்த்து வைத்தேன். சேவல் முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் தேய்த்தேன். அதற்கும் உள்ளே ரத்தம் ஓடும் எலும்பு இருக்கிறது. பகலில் பெரும்பாலான நேரம் அதைத் தனியே விடுகிறேன். முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே தேவையில்லை. குஞ்சு வேண்டும் என்றாலும் தினமும் சேர வேண்டியதில்லை. விந்து பெட்டையின் உடலில் ஒரு வாரத்துக்கு மேலும் தங்கும்.

“இவ்வளவு எதுக்கு, குழம்பு வெச்சிடு” என்கிறவர்களும் உண்டு. நான் கறி சாப்பிடுகிறவன்தான். சாப்பாட்டுக்காகக் கொல்வது சரியா என்பது தனி விவாதம். தண்டனையாகக் கொல்வதற்கு மட்டும் எந்த நியாயமும் எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த சேவலும் இதே வலைக்குள்தானே வரப்போகிறது?

தனியே விட்ட சேவல் கம்பியோரமாக முன்னும் பின்னும் நடக்கிறது. அதற்கு அது கஷ்டம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. பெட்டையின் விலாவில் இருந்த கிழிசலைவிட அது சிறிய கஷ்டம் என்று மட்டும் சொல்வேன். சின்ன இடத்தில் சேர்ந்து வாழ வைத்துவிட்டால், யாராவது ஒருவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே காயம்பட்டவரிடமிருந்து அதைக் கேட்க வேண்டாம்.