குழிக்கு உடையவர் யார்?

பிறருடைய மனைக்குள் நுழையும் கார் அங்கே மூடாமல் விடப்பட்ட பள்ளத்தில் இறங்கி அச்சு முறிந்தால் செலவை ஏற்க வேண்டியவர் மனைக்காரரா, ஓட்டுநரா என்ற கேள்வி காப்பீட்டு நிறுவனத்தின் மேசையோடு முடிந்துவிடுவதாகத் தோன்றினாலும், ‘ஹலாகா’ எனப்படும் யூத சமயச் சட்ட மரபில் அது வேதத்திலிருந்தே கிளைக்கும் கேள்வியாகும். யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தின் 33, 34-ஆம் வசனங்கள், குழியைத் திறந்தோ வெட்டியோ மூடாமல் விட்டவன், அதில் விழுந்து சாகும் மாட்டுக்கோ கழுதைக்கோ ஈடு கொடுக்க வேண்டும் என விதிக்கின்றன. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட ‘மிஷ்னா’ என்னும் சட்டத் தொகுப்பும், அதன்மேல் பாபிலோனிய அறிஞர்கள் நடத்திய விவாதங்களின் திரட்டான தால்முத்தும் இவ்வசனங்களை விரித்து, குழி என்ற பெயரின் கீழ் மண்ணில் தோண்டியதை மட்டுமன்றி, வழியில் கிடக்கும் கல், உடைந்த குடம், சிந்திய நீர் போன்று ஓரிடத்தில் அசையாமல் கிடந்து பிறருக்குத் தீங்கு செய்யும் இடையூறுகளையும் சேர்த்தன. இவ்விவாதங்களின் பெரும்பகுதி, இழப்பீட்டைப் பற்றிய ‘பாபா காமா’ என்னும் நூற்பகுதியில் உள்ளது.

இம்மரபின் முதல் வியப்பு, பொறுப்பை அது உடைமையோடு கட்டிப்போடாததில் இருக்கிறது. பொதுவழியில் குழி வெட்டியவனுக்கு அந்த நிலம் சொந்தமில்லை; வெற்றிடமான குழியோ எவருக்கும் சொந்தமாகக்கூடிய பொருளே அன்று. ஆயினும் அவனுடையதல்லாத இரண்டைத் திருமறை அவனுடையவை போலவே கருதுகிறது என்று ‘ரப்பி’ எனப்படும் யூத சமய ஆசான்களுள் ஒருவரான ரப்பி இஸ்மவேலின் பெயரால் தால்முத் கூறுகிறது. ஒன்று பொதுவழிக் குழி. மற்றொன்று, பஸ்கா பண்டிகைக்கு முந்தைய நாள் நடுப்பகலுக்குப் பின் வீட்டில் எஞ்சியிருக்கும் புளித்த மாவு. அந்நேரத்துக்குப் பின் அம்மாவினால் எப்பயனும் பெறக் கூடாது என்பதால் அது சட்டப்படி அவன் உடைமையாக நிற்பதில்லை. இருந்தும் அதை வைத்திருந்த குற்றம் அவனையே சேர்கிறது. பயன் சிறிதும் இல்லாமல் பழி மட்டும் ஒருவன் பெயரில் நிற்கக்கூடும் என்ற இக்கருத்து, நிலப்பதிவேட்டைப் பார்த்துப் பொறுப்பாளியைத் தேடும் வழக்கத்துக்கு நேர்மாறானது.

சொந்த மனைக்குள் இருக்கும் குழியில் நுழைவுரிமை முதன்மை பெறுகிறது. அழைப்பின்றி நுழைந்த மாடு விழுந்தால், உன் மாட்டுக்கு என் மனையில் என்ன வேலை என்று மனைக்காரர் கேட்கலாம். 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடீஸ் தொகுத்த சட்டநூலும் இவ்வாதத்தை ஏற்கிறது. பிறர் முற்றத்துக்குள் பானைகளைக் கொண்டுவந்த குயவனைப் பற்றிய மிஷ்னா விதி இதைக் கூர்மையாக்குகிறது. அவன் அனுமதியின்றி வந்திருந்தால், வீட்டுக்காரரின் கால்நடை பானைகளை உடைத்தாலும் அவர் ஈடு தரவேண்டியதில்லை. மாறாக, பானைகளால் கால்நடைக்குக் காயம் பட்டால் குயவனே தர வேண்டும். அனுமதியோடு வந்திருந்தால் முற்றத்துக்காரர் பொறுப்பாகிறார். ஆனால் மிஷ்னாவைத் தொகுத்த ரப்பி யூதா, உள்ளே வர இசைந்தது காவலை ஏற்றதாகாது என்றும், காப்பதாக வெளிப்படையாக ஏற்றாலன்றிப் பொறுப்பில்லை என்றும் மறுக்கிறார். வாடிக்கையாளர் வண்டியை நிறுத்த இடம் ஒதுக்கும் கடைக்காரர் இடத்தை மட்டும் தருகிறாரா, காவலையும் சேர்த்துத் தருகிறாரா என்ற இன்றைய வழக்கு இந்த முற்றத்திலேயே தொடங்கிவிட்டது.

அனுமதியோடு நுழைந்த காருக்கு மனைக்காரர் ஈடு தர வேண்டும் என்று இதுவரை வந்தவர் முடிவு செய்யக்கூடும். அங்கேதான் ஹலாகா திரும்பிக்கொள்கிறது. வசனம் மாட்டையும் கழுதையையும் பெயரிட்டுச் சொல்வதால், மாடு என்றது மனிதனை விலக்கவும், கழுதை என்றது கழுதை சுமக்கும் பாத்திரபண்டங்களை விலக்கவும் என்று ரப்பிகள் பொருள் கொண்டனர். மனிதன் குழியில் விழுந்து இறந்தால் பண ஈடு இல்லை, காயம்பட்டால் உண்டு. உயிரற்ற பொருள் எதுவாயினும் ஈடு இல்லை. கழுதையின் வேலையை இன்று காரே செய்கிறது என்றாலும், உயிரில்லாத காரணத்தால் அது கழுதையின் பக்கம் அன்றி அதன் முதுகிலுள்ள மூட்டையின் பக்கமே வைக்கப்படுகிறது. ஆகவே பள்ளத்தில் முறிந்த அச்சுக்கு, குழி என்ற வகையின்படி, மனைக்காரரிடமிருந்து ரப்பிகளின் நீதிமன்றம் எதையும் வசூலித்துத் தராது.

இவ்விலக்குக்கு நியாயம் கற்பிப்பது எளிதன்று. பொருள் தானாக நடப்பதில்லை, அதைக் கொண்டுசெல்பவருக்குக் கண் உண்டு என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அதே கண்ணுள்ள மனிதன் காயப்பட்டால் ஈடு உண்டு என்பது அந்த விளக்கத்தைக் குலைத்துவிடுகிறது. மாடும் ஓட்டுபவன் கையில்தானே நடக்கிறது? இது வசனத்தின் சொல்லமைப்பிலிருந்து பிறந்த விதி. அறிவு வாதத்திலிருந்து பிறந்தது போல அதற்கு ஒப்பனை செய்யாமலிருப்பதே நேர்மை. இலாயியின் மகனான மற்றொரு ரப்பி யூதா பொருள்களுக்கும் ஈடு உண்டு என்றார். பொதுப் புத்திக்கு அவர் கூற்றே இசைவானது எனினும், சட்டம் பெரும்பான்மையோடு சென்றது. 3-ஆம் நூற்றாண்டில் ராவ் என்னும் அறிஞர் வேறொரு வாசல் திறக்க முயன்றார். ஒருவர் கைவிடாமல் தம் உடைமையாகவே வைத்திருக்கும் பொருள் வழியில் இடையூறானால், அதைக் குழியோடு சேர்க்காமல் அவருடைய மாட்டோடு சேர்க்க வேண்டும் என்றார். மாட்டின் தீங்குக்குப் பொருள்விலக்கு இல்லை. அவருடைய சமகாலத்தவரான ஷ்முவேல், கைவிட்டாலும் விடாவிட்டாலும் இடையூறு குழியே என்றார்.

ஓட்டுநரின் பக்கம் இதைவிடக் கடுமையானது. மனிதன் எப்போதும் எச்சரிக்கப்பட்டவன், விழித்திருந்தாலும் உறங்கினாலும் தன் உடலால் செய்த சேதத்துக்கு அவனே பொறுப்பு என்பது மிஷ்னாவின் விதி. எனவே உரிய இடத்தில் நிற்கும் வாயில் தூணில் கார் மோதினால், தூணுக்கு ஓட்டுநர் ஈடு தர வேண்டும். காரின் நசுங்கலுக்கு எவரும் தர வேண்டியதில்லை. பொதுவழியில் வைக்கப்பட்ட குடத்தில் தடுக்கி அதை உடைத்தவனுக்கு மட்டும், நடப்பவர் வழியெங்கும் கீழே பார்த்துக்கொண்டே போவதில்லை என்ற காரணத்தால் தால்முத் விலக்களிக்கிறது. இச்சலுகையைக் கார் ஓட்டுபவர் அப்படியே கேட்பது கடினம். நடப்பவர் எதையோ நினைத்துக்கொண்டு போகலாம், ஓட்டுபவரின் வேலையே பாதையைப் பார்ப்பது.

நீதிமன்றம் வசூலிக்காததெல்லாம் செய்யத் தக்கது என்று இம்மரபு கருதவில்லை. பிறர் உடைமைக்குச் சேதம் விளைவிப்பதே தடுக்கப்பட்டது என்று யோசேப்பு காரோவின் சட்டநூலான சுல்கான் அரூக் தனியே சொல்கிறது. கைப்பிடிச் சுவரில்லாத மொட்டைமாடியைப் பற்றிய உபாகம வசனத்தைக் கொண்டு, வீட்டில் ஆடும் ஏணியை வைப்பதையும் ரப்பி நாதான் தடுத்தார். தம் வயலிலிருந்து கற்களைப் பொதுவழியில் எறிந்துகொண்டிருந்த ஒருவரைக் கண்ட பக்தர், உன்னுடையதல்லாத இடத்திலிருந்து உன்னுடைய இடத்துக்கு ஏன் எறிகிறாய் என்று கேட்டதாகவும், எறிந்தவர் நகைத்ததாகவும், பின்னாளில் அவர் வயலை விற்றுவிட்டு அவ்வழியே வரும்போது அதே கற்களில் இடறியதாகவும் தால்முத் சொல்கிறது. வயல் கைமாறும், வழி எல்லார்க்கும் உரியதாகவே இருக்கும் என்ற பக்தரின் கணக்கை எறிந்தவர் கால் நோகும்வரை புரிந்துகொள்ளவில்லை. பக்தனாக விரும்புபவன் இழப்பீட்டுச் சட்டங்களை நிறைவேற்றட்டும் என்று ரப்பி ஒருவர் சொன்னதும் இதே நூற்பகுதியில்தான். தொழுகையை அவர் குறிப்பிடவில்லை என்பது கவனத்துக்குரியது.

நடைமுறையில் இத்தகைய வழக்குகளைக் கேட்கும் ரப்பிகளின் நீதிமன்றங்கள், சட்டப்படியோ சட்டத்தை ஒட்டிய சமரசப்படியோ தீர்க்கும் அதிகாரத்தை இருதரப்பிடமும் எழுத்தில் பெற்றுக்கொள்கின்றன. நாட்டின் சட்டமும் சட்டமே என்ற ஷ்முவேலின் கோட்பாடு இருவருக்கிடையிலான சேதத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் அறிஞர்களிடையே ஒருமிப்பு இல்லை. சமரசத்தில் எடைபோடத்தக்க செய்தி, பள்ளம் இருப்பது மனைக்காரருக்குத் தெரியுமா, எப்போது முதல் தெரியும் என்பது. பங்காளிகள் இருவருக்கு உரிய குழியை ஒருவர் மூடிய பின் அது திறந்துகொண்டால், மூடியவருக்கு எவ்வளவு காலம் விலக்கு என்று தால்முத் கேட்கிறது. அவர் அறியும் அளவு காலம் என்றார் ராவ். பிறர் அவருக்குத் தெரிவிக்கும் அளவு காலம் என்றார் ஷ்முவேல். தெரிவிக்கப்பட்ட பின் ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, தேவதாரு மரம் வெட்டிவந்து மூடும் அளவு காலம் என்றார் ரப்பி யோகனான். மூவரில் மிகத் தாராளமான யோகனானின் அளவுப்படியே பார்த்தாலும், முதல் காரின் அச்சு முறிந்த செய்தி வந்தபின் தார் ஊற்ற ஆள் பிடிக்க வேண்டிய சில நாள்களுக்கு மேல் மனைக்காரருக்கு அவகாசம் கிடைக்காது.