ஏழு மீன் வாங்கினால் கூட்டம் ஆகுமா?

இல்லறத்தார் கைக்கொள்ளும் அகிம்சை விரதத்துக்கு ஐந்து மீறல்களைச் சொல்கிறது உமாஸ்வாதியின் சமண நூலான தத்வார்த்த சூத்திரம். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றல், உணவும் நீரும் தராதிருத்தல். கட்டி வைப்பது முதலில் வருகிறது, பட்டினி போடுவது கடைசியில். இரண்டும் தனித்தனிக் குற்றங்கள் என்பதால், வேளைக்கு இரை போட்டேன் என்பது கட்டி வைத்ததற்குச் சமாதானம் ஆகாது. கேட்டவுடன் ஆடு மாடுதான் நினைவுக்கு வரும். ஆனால் கூடத்தில் பவளத்தொட்டி வைத்து, அதில் பச்சைக் குரோமிஸ் மீன்களைக் கூட்டமாக விட ஆசைப்படுகிறவரும் இந்தப் பட்டியலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

டாம்செல் குடும்பத்தைச் சேர்ந்த இந்த விரல்நீள மீன்கள், செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள்வரை, கிளைவிட்ட பவளங்களின் மேலே திரள் திரளாக மிதந்து மிதவை உயிர்களைக் கொத்தித் தின்கின்றன. இரைதேடும் களவா மீனின் நிழல் பட்டால் போதும், திரள் மொத்தமும் கிளைகளுக்குள் பாய்ந்து மறையும். இரவில் அங்கேயே துடுப்பசைத்தபடி உறங்கும். அந்த அசைவில் பவளத்துக்கு ஆக்சிஜன் உள்ள நீர் போய்ச் சேர்வதைச் செங்கடலில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தொட்டிக்குள் வந்தால் கதை மாறுகிறது. ஏழு மீன் வாங்கி விட்டால் முதல் சில நாள் ஒட்டியே நீந்தும். பிறகு வலுத்தது ஒன்று மற்றவற்றைத் துரத்தத் தொடங்கும். வால் கிழிந்த ஒன்று மோட்டார் குழாயின் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும்; இரை தூவினாலும் வராது; விலாவில் சிவந்த புண் தெரியும். சில மாதங்களில் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். யூரோனிமா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி, இடநெருக்கடி என்று காரணங்கள் சொல்வார்கள், அவை மெய்தான். அடிப்படை வேறு என்பது என் எண்ணம். திரளாக நின்றால் பிழைக்கலாம் என்பதுதான் கடலில் அவற்றைச் சேர்த்து வைத்தது. அச்சத்தை எடுத்துவிட்ட தொட்டியில் ஒன்றுக்கொன்று தேவைப்படுவதில்லை. வாங்குகிறவர் விரும்பிய கூட்டம் மீனின் உடலில் இல்லை, கடலோடு அதற்கிருந்த உறவில் இருந்தது. கட்டுண்டது அந்த உறவு.

கடலில் களவா விழுங்காதா, தொட்டி பாதுகாப்பில்லையா என்று கேட்கலாம். விழுங்கும்தான். ஆனால் களவா எந்த விரதமும் எடுக்கவில்லை. அறம் கேட்கும் கேள்வி நம்மை நோக்கியது. மீனுக்கு ஏது வலி என்பவர்களுக்கு உயிரியலாளர் லின் ஸ்னெடனின் ஆய்வு உண்டு. 2003இல் வெளியான அதில், உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட டிரவுட் மீன்கள் இரையை ஒதுக்கின, உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவது புண்ணியமென்றால் தொட்டியில் வளர்ப்பது மட்டும் பாவமா என்பது நம் ஊர்க் கேள்வி. பொரி போடுகிறவர் தன் கண்ணுக்கு விருந்தாக மீனைப் பிடித்து வரச் சொல்லவில்லையே!

கனமான எதிர்வாதம் ஒன்றுதான்: பெரிய தொட்டியில், பொறுமையோடு, கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் 2004-05இல் ஓராண்டில் அமெரிக்காவுக்குள் வந்த அலங்காரக் கடல்மீன்கள் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல், இனங்கள் 1,802. எண்ணிக்கையில் முதலிடம் இந்தப் பச்சைக் குரோமிஸுக்கு. பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் பிடித்தவை. கைதேர்ந்த சிலரின் தொட்டியைக் காட்டி இத்தனைக்கும் கணக்கு நேர்செய்ய முடியாது. தொட்டி வைத்தே தீருவேன் என்பவருக்குப் பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்த கோமாளி மீன் சோடி கிடைக்கிறது. கட்டு அங்கேயும் உண்டு, ஆனால் சோடியாக வாழ்வது அதன் இயல்புக்கு ஒத்தது. பச்சைக் குரோமிஸை ஏழாக வாங்காதீர்கள், ஒன்றாகவும் வாங்காதீர்கள்.