தேய்ந்து வளரும் உடல்

கலாபகோஸ் தீவுகளில் கடலுக்குள் மூழ்கிப் பாசி மேயும் பேரோந்தியான கடல் இகுவானா, பசிபிக் நீர் வெப்பமுற்றுப் பாசி அருகும் எல் நினோ காலங்களில் உடல் நீளத்திலேயே 20 விழுக்காடு வரை சுருங்கி, உணவு மீண்டதும் வளர்கிறது. உடற்பொருள் வந்து போயினும் உயிரியின் 'வடிவம்', அதாவது அதை அதுவாக இயக்கும் ஒழுங்கு, நிலைக்கும் என்ற அரிஸ்டாட்டிலின் விளக்கம், எலும்பும் தேய்வதாகக் கருதப்படும் இவ்விலங்குக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. ஆயினும் 2001-இல் ஜெசிகா என்ற கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் சாந்தா ஃபே தீவில் மெல்லிய சுவடாகவே படிந்தும், ஓராண்டுக்குள் அங்கு ஏறத்தாழ 62 விழுக்காடு இகுவானாக்கள் மாண்டன. பாசியைச் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிர்கள் அழிந்தது காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். அவ்வாறாயின் அந்த ஒழுங்கில் பிற உயிர்களுக்கும் பங்குண்டு. அரிஸ்டாட்டில் அறியாத பங்கு அது.